நான்காவது டெய்லர்

அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. சட்டையில் பொத்தான் அறுந்தால் அம்மாவிடம்தான் நீட்டுவார். அவர் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிறவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. ஆனாலும் எட்டு வருடம் எங்கள் தெரு முழுக்க அவரை டெய்லர் என்றுதான் கூப்பிட்டது. அம்மா டெய்லர் வீட்டம்மா. அக்காவும் நானும் டெய்லர் பிள்ளைகள். கரண்டு பில்லிலும் டெய்லர் பெயர்தான்.

எல்லாம் வாடகைக்காக.

நாங்கள் குடியிருந்தது ஒன்பது குடித்தனம் இருந்த ஒரு மாடி வீடு. கீழே, தெருவைப் பார்த்த கடைசிப் போர்ஷன் எங்களுடையது. ஓர் அறை, அதற்குப் பின்னால் கையை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கிற சமையலறை, பொதுவில் ஒரு குழாய், பொதுவில் இரண்டு கழிவறை. வீட்டுக்காரம்மா வேறு ஊரில் இருந்தார். அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவருடைய சட்டம் ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும்: ஆள் மாறினால்தான் வாடகை ஏறும், அதே ஆள் இருக்கிற வரைக்கும் ஏறாது.

நாங்கள் வருவதற்கு முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அந்தப் போர்ஷனுக்கு ஒரு டெய்லர் குடிவந்தாராம். அவர் போகும்போது காலி செய்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சாவியை ஒரு தபால்காரர் கையில் கொடுத்து, இனிமேல் நீதான் டெய்லர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தபால்காரர் போகும்போது தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவரிடம் கொடுத்தார். டிக்கெட் கிழிக்கிறவர் அப்பாவிடம் கொடுத்தார். ஆக அப்பா நான்காவது டெய்லர்.

சாவியோடு மூன்று பொருள் கைமாறும். ஒன்று, ஜன்னல் ஓரத்தில் நிற்கிற தையல் மிஷின். அதன்மேல் அம்மா காய் நறுக்குவாள், அக்கா வீட்டுப்பாடம் எழுதுவாள், நான் மிதியில் கால் வைத்து பஸ் ஓட்டுவேன். இரண்டாவது, வாசலுக்கு மேலே இருக்கிற, டெய்லர் என்று எழுதிய தகரப் பலகை. மூன்றாவது ஒரு காகிதம். அதில் உண்மையான டெய்லர் தன் கையெழுத்தைப் பத்துத் தடவை போட்டு வைத்திருந்தார். பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிக்கொள்வதற்கு.

வாடகை வாங்க ஐந்தாம் தேதி ஒருவர் வருவார். வெயிலோ மழையோ, கக்கத்தில் குடை இருக்கும். அதனால் அவர் பெயரே குடை. ஆள் மாறினால் அவர்தான் வீட்டுக்காரம்மா ஊருக்கு ரயிலேறிப் போய்ப் புது ஒப்பந்தம் எழுதி வாங்கி வர வேண்டும். அந்த அலைச்சலுக்கு அவருக்கு யாரும் ஒன்றும் கொடுப்பதில்லை. அதனால் அவர் எதையும் பார்க்கமாட்டார். நாங்கள் குடிவந்த முதல் மாதம் அவர் வந்து நின்றதை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"என்ன டெய்லர், போன மாசத்தைவிட கொஞ்சம் உயரமா தெரியிறீங்க?"

"செருப்பு புதுசுங்க" என்றாராம் அப்பா.

"நல்லது நல்லது. ரெண்டு புள்ளைங்க வேற திடீர்னு பொறந்திருக்கு போல. பொண்ணு அதுக்குள்ள பள்ளிக்கூடம் போகுது."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்."

ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் குடியிருக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அடிக்கட்டைதான் வீட்டுக்காரம்மாவுக்குப் போகும். அப்பா ஒரு வருடம் முயற்சி செய்து பார்த்தார். ஸ்பானர் பிடித்த கைக்கு அந்தச் சுழி வரவே இல்லை. ஒரு நாள் அக்கா அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு விளையாட்டாக எழுதினாள். அச்சு அசல். அப்போது அவளுக்குப் பத்து வயது. அன்றிலிருந்து ஐந்தாம் தேதி வந்தால் அப்பா, "கண்ணாடி உள்ள இருக்குங்க, போட்டுக்கிட்டு வந்துடறேன்" என்று புத்தகத்தைச் சமையலறைக்கு எடுத்துப் போவார். அக்கா போட்டுக் கொடுப்பாள்.

"எத்தன வருஷமா வர்றேன், நீங்க கண்ணாடி போட்டு ஒரு நாளும் பாத்ததில்லையே" என்பார் குடை.

"கண்ணாடி போட்டா எனக்கு அழகா இருக்காதுங்க."

அந்தத் தெருவில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் பொய். மழை வந்தால் கழிவறைத் தண்ணீர் முற்றத்துக்கு வரும். கோடையில் சுவர் தொட முடியாமல் கொதிக்கும். ஆனால் அப்பாவின் பட்டறை நடக்கிற தூரத்தில் இருந்தது. பள்ளிக்கூட மணி அடிக்க ஆரம்பித்த பிறகு நான் கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். பக்கத்துப் போர்ஷனில் ஆஸ்பத்திரி ஆயா, எதிரில் இஸ்திரிக்காரம்மா. அந்தம்மா தன் வண்டியில் தேய்க்கிற துணிகளுக்கு நடுவில் எங்கள் பள்ளிக்கூடச் சட்டையையும் சும்மா ஒரு இழுப்பு இழுத்துக் கொடுப்பார். காலையில் குழாயடியில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது சண்டை போட்டவர்களுக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது அந்தச் சத்தத்தை நினைத்தால்கூடத் தூக்கம் வருகிறது.

எனக்குப் பத்து வயதாகும்போது இரண்டு தெரு தள்ளி ரயில் நிலையம் கட்டினார்கள். எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ரயில் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே வாடகை ஓட ஆரம்பித்துவிட்டது. அதுவரை சுவரில் கரியால் எழுதி வைப்பார்கள், வீடு காலி என்று. அப்புறம் சுவரில் எழுத்தே காணோம். டீக்கடையில் ஒரு தரகர் சாவிக்கொத்தோடு உட்கார ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி ஆயா மகனோடு இருக்கப் போனார். அவர் இருநூற்று நாற்பது கொடுத்துக்கொண்டிருந்த போர்ஷனுக்கு ஆயிரம் கேட்டார்கள். வேலைக்குப் போகிற ஆறு வாலிபர்கள் சேர்ந்து எடுத்தார்கள். மூன்று பேர் பகலில் தூங்குவார்கள், மூன்று பேர் இரவில் தூங்குவார்கள். ஒன்பது குடித்தனத்தில் ஐந்து இப்படி மாறியது. நாங்கள் இருநூற்று இருபதிலேயே இருந்தோம்.

"இந்தத் தெருவுலயே கொடுத்து வச்ச ஆளு நீங்கதான் டெய்லர்" என்பார் இஸ்திரிக்காரம்மா.

"வாங்கி வச்ச ஆளுன்னு சொல்லுங்கக்கா" என்பார் அப்பா.

அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேதி ஐந்து இல்லை, குடை வந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது.

"வீட்டுக்காரம்மா தவறிட்டாங்க. அவங்க பொண்ணு நாளான்னிக்கு வர்றாங்க. எல்லா குடித்தனத்தையும் பாக்கணுமாம். முதல்ல டெய்லர பாக்கணுமாம்."

அம்மா கையிலிருந்த கத்தியை மிஷின்மேல் வைத்தாள். "அவரை எதுக்கு?"

"அந்தப் பொண்ணு இந்த வீட்டு மாடியிலதான் பொறந்து வளந்துச்சு. டெய்லர் மடியில உக்காந்து பொத்தான் கோத்து விளையாடுமாம்."

அப்பாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு. அந்தப் பெண்ணுக்கே அதைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும்.

சாயங்காலம் குழாயடியில் கூட்டம் கூடியது. பக்கத்துப் போர்ஷன் வாலிபர்களில் ஒருவன், தலையில் மைதா மாவு தடவி, போர்வை போர்த்திப் படுக்க வைத்துவிடலாம், பேச முடியாத வியாதி என்று சொல்லிவிடலாம் என்றான்.

"மடியில உக்காந்த பொண்ணுக்கு மூஞ்சி மறந்து போகுமாடா?" என்றார் இஸ்திரிக்காரம்மா. "நான் சொல்றத கேளுங்க. டெய்லர் வெளியூருக்கு உறவுக்காரங்க வீட்டுக்கு போயிருக்காரு. இவரு அவருகிட்ட வேலை பாக்கிற ஆளு. குடும்பத்தோட கூட இருந்து பாத்துக்கிறாரு. பாக்க முடியலையேன்னு அந்தம்மா போயிடுவாங்க. அடுத்த தடவ வர்றதுக்குள்ள பத்து வருஷம் ஆயிடும்."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அப்பா குடையைக் கேட்டார்.

"எனக்கு என்ன தெரியும்? எனக்கு கண்ணு சரியா தெரியாது."

"நோட்டு எண்றப்ப மட்டும் நல்லா தெரியுது" என்றாள் அம்மா.

"நோட்டு பக்கத்துல இருக்குல்லம்மா."

இஸ்திரிக்காரம்மா சொன்னதுதான் முடிவானது. அம்மா வீட்டைத் துடைத்தாள். பட்டறையிலிருந்து கொண்டுவந்த மோட்டார் சாமான்களையெல்லாம் வாலிபர்கள் அறைக்குக் கொண்டுபோனோம். அவசரத்துக்கு யார் யார் வீட்டிலிருந்தோ வெட்டுத் துணிகள் வாங்கி மிஷின்மேல் பரப்பினோம்.

அந்தப் பெண் டாக்ஸியில் வந்து இறங்கினார். கண்ணாடி போட்டிருந்தார், களைப்பாக இருந்தார். மற்ற குடித்தனங்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக எங்கள் வாசலுக்கு வந்து, தகரப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். மிஷினைத் தொட்டார்.

"இதே மிஷின்தான்" என்றார். "அவரு எங்க?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து இஸ்திரிக்காரம்மா பதில் சொன்னார். "வெளியூர் போயிருக்காரும்மா. உறவுக்காரங்க வீட்டுல ஒரு விசேஷம். இவரு அவருகிட்ட வேலை பாக்கிறவரு."

"நல்லா இருக்காரா?"

"அவருக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்காரு."

வீட்டுக்காரம்மாவின் மகள் நாற்காலியில் உட்கார்ந்தார். முகமே மாறிவிட்டது. "எனக்கு தெரியும்" என்றார். "அம்மா மாசா மாசம் அந்த அடிக்கட்டைய கையில வச்சுப் பாப்பாங்க. கையெழுத்த பாத்துட்டு, கை நடுங்கல, நல்லாத்தான் இருக்காருன்னு சொல்லுவாங்க. கடைசி வருஷம் அவங்களுக்கு கை ஆட ஆரம்பிச்சிடுச்சு. அப்பக்கூட, பாருடி, அவருக்கு என்னைவிட ஆறு வயசு கூட, எழுத்து போகப் போக அழகாயிட்டே வருதுன்னு சிரிப்பாங்க."

சமையலறைக் கதவோரம் நின்ற அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பதினேழு வயதில் அவள் எழுத்து நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது.

அந்தம்மா தொடர்ந்து பேசினார். அவருடைய அப்பா இறந்தபோது சொந்தக்காரர்கள் அந்த வீட்டையே எடுத்துக்கொள்ளப் பார்த்தார்களாம். கோர்ட்டில் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. டெய்லர் மட்டும் கடையை மூடிவிட்டு நாலு நாள் அலைந்து வந்து சொன்னாராம். "அதுக்கப்புறம்தான் அம்மா அவருக்காக, இருக்கிற ஆளுக்கு வாடகை ஏத்தறதில்லன்னு வச்சாங்க. இப்ப வீடு எங்க மூணு பேருக்கும் வருது. அண்ணங்க ரெண்டு பேரும் விக்கணும்னு நிக்கிறாங்க. ரயில் வந்ததுல இருந்து வாங்கறதுக்கு ஆளுங்க க்யூல நிக்கிறாங்களாம். ஆனா அம்மா சாகறதுக்கு முன்னாடி சத்தியம் வாங்கிட்டாங்க. டெய்லர் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்தப் போர்ஷன் இதே வாடகையில அவருக்குத்தான். வித்தாலும் பத்திரத்துல அப்படி எழுதித்தான் விக்கணும்."

அம்மா என் தோளைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. டெய்லர் உயிரோடு இருப்பது இனி அக்காவின் கையில். அக்காவுக்குப் பதினேழு வயதுதான். இன்னும் ஐம்பது வருடம்கூட அந்த வீட்டில் இருக்கலாம்.

அந்தம்மா பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். ஒட்டியிருந்தது. மேலே டெய்லரின் பெயர், கோணல் கோணலாக, ஆடிய கையில் எழுதியது.

"அம்மா எழுதினது. ரெண்டு மாசம் எழுதினாங்க, ஒரு நாளைக்கு நாலு வரி. அவரு கையில குடுக்கணும்னு வந்தேன். வந்ததும் இத அவருகிட்ட குடுத்துடுங்க." அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். வாங்கவில்லை.

"வாங்கிக்கங்களேன்" என்று இஸ்திரிக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அம்மா" என்றார் அப்பா. "அவரு இங்க இல்லம்மா."

"அதான் வெளியூர் போயிருக்காருன்னு..."

"இல்லம்மா. நான் வரும்போதே இல்ல. எனக்கு முன்னாடி இருந்தவரு வரும்போதும் இல்ல. அவரு எங்க இருக்காருன்னு எனக்கு தெரியாது. இருக்காரா இல்லையான்னும் தெரியாது. அவரை நான் பாத்ததே இல்ல. நான் மோட்டார் மெக்கானிக்."

வாசலில் கக்கத்துக் குடை நழுவிக் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அந்தம்மா நீட்டிய கையை மடக்கவே இல்லை. "அப்ப கையெழுத்து?"

அக்காதான் முன்னால் வந்தாள். "நான்தான் ஆன்ட்டி. பத்து வயசுல இருந்து."

அவர் அக்காவை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் அக்காவின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், அதில் என்னவோ எழுதியிருக்கிற மாதிரி. அப்புறம் விட்டுவிட்டார்.

"எங்கம்மாவுக்கு தெரியாமலே போயிடுச்சு. அது ஒரு விதத்துல நல்லது" என்றார். கடிதத்தைப் பார்த்தபடி, "நீங்க இத வாங்கி வச்சிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"ஆமாம்மா."

"வீடு உங்களுக்கு இருந்திருக்கும்."

"தெரியும்மா."

"இனிமே என்னால ஒண்ணும் செய்ய முடியாது. டெய்லர் இல்லேன்னா அண்ணங்க ஒத்துக்க மாட்டாங்க. வேணும்னா ஆறு மாசம் டைம் வாங்கித் தர்றேன். பழைய வாடகையிலேயே இருங்க."

அப்பா தபால்காரர் பெயரையும், டிக்கெட் கிழித்தவர் வேலை பார்த்த தியேட்டர் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவர்களைப் பிடித்தால் டெய்லர் போன இடம் தெரியலாம். அந்தம்மா அதையும் கடிதத்தையும் ஒன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கண்டுபிடித்தாரா என்று எங்களுக்குத் தெரியாது.

டாக்ஸி போனதும் இஸ்திரிக்காரம்மா, "அரிச்சந்திரன் பரம்பரையா நீங்க?" என்று கேட்டுவிட்டுத் தன் வண்டிக்குப் போனார். அம்மா நான்கு நாள் அப்பாவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஒரே ஒரு வரி சொன்னாள். "உண்மை பேசறதுக்கும் தலைக்கு மேல ஒரு கூரை வேணும்."

அப்பா சாப்பிட்டார்.

ஆறு மாதம் வீடு தேடினோம். அந்தத் தெருவில், அடுத்த தெருவில், அதற்கு அடுத்த தெருவில். தரகர் காட்டிய இடங்களில் எங்கள் சமையலறை அளவு அறைக்கு அறுநூறு கேட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தோம். கடைசியில் இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில், தண்ணீர் லாரி வந்தால்தான் தண்ணீர் என்கிற இடத்தில், முந்நூற்று எண்பதுக்கு ஒரு வீடு கிடைத்தது. அப்பா பட்டறைக்குப் போக விடிவதற்கு முன்னால் கிளம்பினார். அக்கா படிப்பை அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டு அச்சாபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். புது வீட்டு ஒப்பந்தத்தில் அப்பா தன் சொந்தப் பெயரில், தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டார். கோழி கிளறிய மாதிரி இருந்தது.

காலி செய்த அன்று குடைக்காரர் வந்து மூட்டை தூக்க உதவினார். குடையை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தார். குடை இல்லாமல் அவரைப் பார்த்தபோதுதான் அவருக்கு இரண்டு கையும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இப்போது நான் இருக்கிற ஊரில் எனக்கு வீடு இல்லை, கட்டில் இருக்கிறது. ஓர் அறையில் எட்டுக் கட்டில், மேலே நான்கு, கீழே நான்கு. என்னுடையது மேலே. உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். அதனால் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சில நாள் வேலை முடிந்து வந்து ஃபோனில் அந்தப் பழைய தெருவைத் தேடுவேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் பதினொரு மாடி நிற்கிறது. விளம்பரத்தில் சதுர அடிக்கு விலை போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர அடிக்கு நான் இங்கே முப்பத்தெட்டு நாள் வேலை செய்ய வேண்டும். ஒரு காலை வைத்து நிற்கலாம், அவ்வளவுதான். எங்கள் குழாயடி எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கார் நிறுத்துகிற இடம் மாதிரித் தெரிந்தது.

போன வாரம் அப்பாவோடு பேசும்போது கேட்டேவிட்டேன். இவ்வளவு வருடத்தில் கேட்டதில்லை.

"அன்னிக்கு அந்த லெட்டர வாங்கி வச்சிருந்தா என்னப்பா? பாதகம் ஒண்ணுமில்லையே. நாம இன்னும் அங்கேயே இருந்திருப்போம்ல?"

அப்பா சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு, காற்றுதான் கேட்டது.

"வாங்கியிருந்தா பதில் எழுதணுமேடா."

"செத்துப்போனவங்களுக்கா?"

"அவங்களுக்குத்தான். கையெழுத்து போட உங்கக்காவுக்கு தெரியும். ரெண்டு மாசம் நாலு நாலு வரியா எழுதினவங்களுக்கு என்ன பதில் எழுதறதுன்னு நம்ம வீட்ல யாருக்கு தெரியும்?"

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? அவன் சாப்பிட்டானான்னு கேளுங்க."

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன்."

"அங்க ரூம் எப்படி, வசதியா இருக்கா? வாடகை எவ்வளவு வாங்கறான்?"

பாதியைச் சொன்னேன்.

"பரவாயில்லையே" என்றார் அப்பா. "நல்ல ஆளா இருப்பான் போல. விட்டுடாத."

"விடமாட்டேன்ப்பா" என்றேன்.